நல்ல குடும்பங்களுக்கு மட்டும்

பால் காய்ச்சிய அன்று அந்த வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வீட்டுக்காரர், குடியிருப்போர் சங்கச் செயலாளர், அவருடைய மனைவி, என் அலுவலக மேலாளர், நான். என் அம்மாவும் அப்பாவும் இல்லை. அப்பா வராததற்குக் கடலைக் காரணம் சொல்லிவிடலாம். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போய் அன்றோடு ஆறு நாள் ஆகியிருந்தது. அம்மா வராததற்குக் காரணம் நான். பால் காய்ச்சுவது ஞாயிற்றுக்கிழமை என்று அவளிடம் சொல்லியிருந்தேன். காய்ச்சியது வெள்ளிக்கிழமை.

அந்த வீட்டை எடுத்ததே அம்மாவுக்காகத்தான். இதைச் சொன்னால் நான் செய்தது சின்னதாகிவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. பெரிதாகத்தான் ஆகிறது.

எங்கள் வீடு எண்ணூரில், முகத்துவாரக்குப்பத்தில். அம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்பவள். இரண்டு வருஷமாக அவளுக்கு மூச்சிழுப்பு. கொடியில் காயப்போட்ட துணியை உதறி மடித்தால் விரலில் அனல்மின் நிலையச் சாம்பல் ஒட்டும் ஊர் எங்களுடையது. அதை நாங்கள் யாரும் பெரிதாக நினைத்ததில்லை. அரசு மருத்துவமனையில் பார்த்த டாக்டர்தான் சொன்னார்: "மருந்து பாதிதான்மா. ஒரு ஆறு மாசமாவது இந்தக் காத்துல இருக்காதீங்க." அம்மா வெளியே வந்து சிரித்தாள். "காத்த மாத்திக்கினு வாங்கன்றாரு. எந்தக் கடைல விக்கிதாம்?"

எந்தக் கடையில் விற்கிறது என்பது எனக்குத் தெரியும். என் வேலையே அதுதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிகாம் முடித்துவிட்டு, வீடு வாங்க விற்க வாடகைக்கு எடுக்க உதவும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். நகரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் என்று அறிக்கை எழுதுவோம். சதுர அடி என்ன விலைக்குப் போகிறது, வாடகை எவ்வளவு, அங்கே யார் குடியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வீடு வாங்குகிறவர்கள் தெருவைப் பார்ப்பதற்கு முன் எங்கள் அறிக்கையைத்தான் பார்ப்பார்கள்.

எனக்குக் கொடுக்கப்பட்ட பகுதி அடையாற்றுக்குத் தெற்கே, கடலோரமாக இருந்தது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு பக்கமும் கை கோத்திருக்கும் தெருக்கள். முன்பு தனி வீடுகள் இருந்தனவாம். பிள்ளைகள் அமெரிக்கா போய்விட, வயதானவர்கள் வீட்டை இடித்துக் கட்டக் கொடுத்துவிட்டு, அதே மனையில் மூன்றாவது மாடியில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு இருந்தார்கள். மருத்துவர்கள், தணிக்கையாளர்கள், பெரிய கம்பெனிகளில் மேலே இருப்பவர்கள். கிழக்குப் பார்த்த வீட்டுக்கு ஒரு விலை, மேற்குப் பார்த்ததற்கு ஒரு விலை. பால்கனியில் நின்றால் கடல் தெரியும் என்றால் விலை எங்கேயோ போய்விடும். எங்கள் குப்பத்தில் படுத்தபடியே கடல் தெரியும். அதற்கு யாரும் காசு கேட்டதில்லை.

விளம்பரங்களில் 'நல்ல குடும்பங்களுக்கு மட்டும்' என்று போடச் சொல்வார்கள். நல்ல குடும்பம் என்றால் என்ன என்று ஒருவரும் விளக்கியதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் போகப்போகக் கை பழகிவிட்டது. ஒரு ஆளின் பேச்சைக் கேட்டால், அப்பா என்ன வேலை என்று கேட்டால், இந்தத் தெருவுக்கு ஒத்துவருவாரா என்று என்னால் சொல்லிவிட முடிந்தது. அறிக்கையில் 'வசதிகள்' என்ற தலைப்பில், பள்ளி, மருத்துவமனை, பூங்கா எல்லாவற்றுக்கும் கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'அருகிலுள்ள குப்பங்களிலிருந்து வீட்டு வேலைக்கு ஆட்கள் எளிதில் கிடைக்கிறார்கள்.' மேலாளர் படித்துவிட்டு, "பரவாயில்லையே, வாங்குறவன் மனசு தெரியுது உனக்கு" என்று தோளில் தட்டினார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

அந்தப் பகுதியிலேயே ஒரு அடுக்குமாடியின் பின்பக்கம், ஒரு படுக்கையறை வீடு ஒன்று வாடகைக்கு வந்தது. வெயில் குறைவு, கடல் தெரியாது. ஆனால் காற்று அதே காற்றுதான். வாடகை இருபத்தாறாயிரம், என் சம்பளத்தில் பாதிக்கு மேல். அட்வான்ஸ் ஐந்து மாதம். அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகு வைக்கக் கொடுத்தாள். அப்பா தன் படகு முதலாளியிடம் எண்பதாயிரம் முன்பணம் வாங்கினார். அந்த முன்பணம் வாங்கினால் அது கழியும்வரை வேறு படகில் ஏற முடியாது. எத்தனை நாள் கடலில் இருக்கச் சொன்னாலும் இருக்க வேண்டும். அப்பா, "உங்கம்மா மூச்சு வுட்டா போதும்டா" என்றார்.

வீட்டுக்காரர் போனில் என்னை விசாரித்தார். நான் மற்றவர்களை விசாரிக்கும் அதே வரிசையில் கேட்டார்.

"அப்பா என்ன பண்றார்?"

"போர்ட்ல சார்."

"ஓ, போர்ட் டிரஸ்ட்ல ஆபீசரா?"

அரை நொடிதான். "ஆமா சார். ரிட்டயர்டு."

அவர் கேட்டதற்கு ஆமாம் என்றேன், அவ்வளவுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அம்மா ஊரில் இருப்பதாகவும், அவ்வப்போது வந்து போவாள் என்றும் சொன்னேன். பால் காய்ச்சும்போது தானும் சங்கத்துக்காரரும் வருவோம் என்றார். அவர்கள் முன்னால் அம்மா எப்படிப் பேசுவாள், எப்படி உட்காருவாள் என்று எல்லாம் கண்முன் ஓடியது. வெள்ளிக்கிழமை என்று அவர்களுக்குச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்று அம்மாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். பஸ் ஸ்டாண்டில் காத்திரு, நான் வந்து கூட்டிப் போகிறேன் என்றிருந்தேன். அவள் விசாரித்து விசாரித்துத் தானே வந்துவிட்டாள். கையில் துணிப்பை, அதில் உப்பு, மஞ்சள், பருப்பு, பால் காய்ச்சப் புது எவர்சில்வர் சொம்பு. அவளைக் கூட்டி வர நான் கீழே இறங்கி ஓடியபோது கேட் வாசலில் செயலாளர் தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். காவலாளி அம்மாவை நிறுத்தியிருந்தான்.

"யாருப்பா இது?" என்று செயலாளர் என்னைக் கேட்டார்.

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சொன்னேன்: "வீட்டு வேலைக்கு சார்."

லாரி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு எட்டு பின்னால் நின்றிருந்தாள். காதில் விழுந்திருக்காது என்று முடிவு செய்துகொண்டேன். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"தெரிஞ்ச ஆளா? அப்ப அட்டை போட்டுடுங்க. அட்டை இல்லாம உள்ள விடுறதில்ல" என்றார் செயலாளர்.

சங்க அலுவலகத்தில் படிவத்தை என் கையாலேயே நிரப்பினேன். பெயர், ஊர், எந்த வீடு. 'வேலை' என்ற இடத்தில் சமையல், துப்புரவு என்று எழுதினேன். படம் எடுக்கும்போது அம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"இன்னாத்துக்கு நைனா போட்டோலாம்?"

"இங்க எல்லாருக்கும் உண்டும்மா. பாதுகாப்புக்கு."

பச்சைக் கயிறு கோத்த அட்டை. கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அந்தக் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். முன்பக்கம் இருப்பது குடியிருப்பவர்களுக்கு. பின்பக்கம் இருப்பது வேலைக்கு வருபவர்களுக்கும் சிலிண்டருக்கும் குப்பை வண்டிக்கும். "பின்னாடி லிஃப்டுதாம்மா நம்ம வூட்டுக்குப் பக்கம்" என்றேன். எங்கள் வீடு பின்பக்கம் என்பதால் அது உண்மையும்கூட. அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

மேலே போனதும் சொம்பை எடுத்தாள். பால் ஏற்கனவே காய்ச்சியாகிவிட்டது, நாள் நன்றாக இல்லை என்று முன்னாடியே வைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்தாள். பிறகு, "சரி, வா, டீயாச்சும் போட்லாம்" என்று சொம்பைக் கழுவினாள்.

மூன்று வாரம் நன்றாகப் போயிற்று. காற்று வேலை செய்தது. படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. போனில் அப்பாவோடு சத்தம் போட்டுச் சிரித்தாள். "இங்க எவனும் எவளோடும் பேச மாட்றான்யா. நம்ம குப்பத்துல ஒருத்தி தும்மினா நாலு வூட்டுல கேக்கும். இங்க செத்தாலும் வாட்ஸப்லதான் சொல்லுவான் போல கீது."

காவலாளி வியாசர்பாடிக்காரன். ஒருநாள் வண்டியை எடுக்கும்போது சிரித்தபடி பக்கத்தில் வந்தான். "சார், உங்க வூட்டு அம்மா நம்ம ஏரியா பாஷை. பேச்சு கேட்டுக்கினே இருக்கலாம். மூஞ்சி வேற அப்டியே உங்க சாயல் கீது சார்."

"வேலையப் பாருங்க" என்றேன். அந்தக் குரல் என் மேலாளருடையது போல இருந்தது. அவன் சல்யூட் வைத்துவிட்டு நகர்ந்து போனான். அவனுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும்.

அதே வாரம் செயலாளரின் மனைவி மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "உங்க வீட்ல வேலை செய்றவங்க ரொம்பச் சுத்தம். எங்க வீட்டுப் பொண்ணு ஊருக்குப் போயிட்டா. காலைல ரெண்டு மணி நேரம் எங்களுக்கும் அனுப்புவீங்களா?"

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். மேடம், அவங்க எங்கம்மா. மூணு வார்த்தை. நான் சொன்னது, "கேட்டுச் சொல்றேன் மேடம்." அம்மாவிடம் கேட்கவும் இல்லை, அவரிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை. மறந்துவிடுவார் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது மாதம், ஒரு வாடிக்கையாளருக்கு அதே தெருவில் வீடு காட்டிவிட்டு, மறந்துபோன காகிதம் ஒன்றை எடுக்கப் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. கீழே இறங்கிக் காவலாளியைக் கேட்டேன்.

"நாலாவது மாடில சார். செகரட்டரி வூட்ல. பத்து நாளா போறாங்களே?" என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "தெரியாதா சார்?" என்று குரலைத் தாழ்த்தினான்.

படியில் ஏறினேன். கதவு திறந்திருந்தது. வாசலிலேயே பினாயில் நெடி. அதற்குமேல் அந்தச் சத்தம். எனக்கு அது நன்றாகத் தெரியும். நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போல வரும். அம்மா குந்தி உட்கார்ந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் பச்சைக் கயிறு. அட்டை ஈரத்தில் படாமல் இருக்க முதுகுப்பக்கம் தள்ளிவிட்டிருந்தாள்.

செயலாளரின் மனைவி என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டார். கெட்டவர் இல்லை. "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வேலை முடிஞ்சதுக்கு அப்புறம்தான் கூப்பிடறேன். சம்பளமும் தனியாதான் குடுக்கறேன். மூச்சு வாங்குது, உக்காருங்கன்னா கேக்க மாட்டேங்கறாங்க."

அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"தோ, முடிச்சிட்டு வர்றேன் சார்."

சார். இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னை எப்படியெல்லாமோ கூப்பிட்டிருக்கிறாள். நைனா, கண்ணு, பேமானி, எருமை. அவள் வாயில் அந்தச் சொல் நடுங்கவில்லை. எனக்காகப் பழகி வைத்திருந்தாள் போல.

நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இதை ஆரம்பித்தேன். துணியை அவள் கையிலிருந்து பிடுங்கவில்லை. அம்மா என்று கூப்பிடவில்லை. "பரவாயில்லை மேடம்" என்றேன். பின்பு படியிறங்கி, எங்கள் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றேன். மீதித் தரையை அவள் துடைத்து முடிக்கும்வரை நின்றேன்.

வந்தாள். உள்ளே போய் மருந்தை இழுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பேச வரக் கொஞ்ச நேரமாயிற்று.

"ஏம்மா போன?"

"அவுங்க வூட்டாண்ட வந்து கூப்டாங்கோ. மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்கல்ல? வேலைக்காரி வேலைக்கு வர மாட்டேன்னா இன்னான்னு சொல்றது? அப்பால உன் பொய்யி நாறிப்பூடும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கேட்டாண்டயே காதுல உய்ந்துச்சு."

"லாரி சத்தத்துலயா?"

"ஏலத்துல நூறு பேரு கத்துவான். எவன் எவ்ளோ கேட்டான்னு காதுல உய்வாது? சரி, தப்பாக் கேட்டுக்கினேனோன்னு நெனச்சேன். மறுநாளு லிஃப்டுல போனா, எல்லாப் பொம்பளைங்க கய்த்துலயும் பச்சக் கயிறு. முன்னாடி போறவங்க கய்த்துல ஒண்ணும் இல்ல. எனக்குப் படிக்கத் தெரியாது நைனா, கலரு தெரியாதா? பெட்டிக் கலர வெச்சுதானே எந்தப் படகு மீனுன்னு சொல்றோம்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தாள், அதுவும் வேறு எதற்கோ.

"பால் காய்ச்சுனதுக்காச்சும் கூப்ட்டிருக்கலாம்டா. மூலைல நின்னுக்கினு இருந்திருப்பேன்."

அவளே பேச்சை மாற்றினாள். "அவுங்க வூட்டு பால்கனில நின்னா கடலு தெரியுது தெரியுமா? துணி காயப் போடச் சொல்ல பாப்பேன். தூரத்துல படகு போச்சுன்னா உங்கப்பன் படகான்னு பாப்பேன். அத்தினி தூரத்துல எங்க தெரியிறது."

அன்று சாயங்காலமே இழுப்பு அதிகமாகி ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். நான்கு நாள் வைத்துக்கொண்டார்கள். பினாயில், பிளீச்சிங் பவுடர் நெடியில் தினம் இருந்தீர்களா என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னை முந்திக்கொண்டு, "வூட்ட நானே தொடைப்பேன் டாக்டர், புதுசா வந்த வூடு" என்றாள். அவளும் பொய் சொன்னாள். என் பொய்க்கு அவள் கட்டிய வட்டி அது.

மூன்றாவது நாள் அப்பா கரைக்கு வந்து, உப்பு காய்ந்த சட்டையோடு நேராக மருத்துவமனைக்கு வந்தார். வராந்தாவில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் சொன்னது போர்ட் ஆபீசர் கதையை. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆபீசரா நானு?" தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வலைக்கயிறு அறுத்த கோடுகள். "ரிட்டயரும் பண்ணி வுட்டுட்டியா? அப்ப நாளைலேர்ந்து நான் கடலுக்குப் போவ வாணாம்ல?"

சிரித்தார். அவர் சிரித்ததில் நான் தலை நிமிரவே இல்லை.

அம்மா அந்த வீட்டுக்குத் திரும்ப மறுத்துவிட்டாள். நான் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முன்பக்க லிஃப்டிலேயே போகலாம் என்றேன். "இப்ப போயி சொன்னா என்ன மதிக்க மாட்டாங்க நைனா. உன்னத்தான் காறித் துப்புவாங்க. அத்த பாத்துக்கினு அங்க நான் மூச்சு வுடணுமா?" என்றாள். ஆறு மாதம் இருந்து தேற வேண்டியவள் ஏழு வாரத்தில் முகத்துவாரக்குப்பத்துக்கே போனாள். இப்போது ஒரு நாளைக்கு நான்கு முறை மருந்து இழுக்கிறாள். மார்க்கெட்டுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் போக முடிகிறது.

நான் வீட்டைக் காலி செய்யும்போது காரணம் 'பணி இடமாற்றம்' என்று எழுதிக் கொடுத்தேன். செயலாளரின் மனைவி அம்மாவுக்குத் தர வேண்டிய பத்து நாள் சம்பளத்தை உறையில் போட்டு, "பாவம், நல்ல மனுஷி, உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று என்னிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இன்றுவரை அவருக்குத் தெரியாது. அறிக்கையில் நான் சேர்த்த அந்த வரியும் அப்படியே இருக்கிறது. என் மேலாளர் இப்போது மற்ற பகுதிகளின் அறிக்கைகளிலும் அதைப் போடச் சொல்கிறார். எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை சொல்லப் போய், ஏன் என்று கேட்பாரே என்று திரும்பி வந்திருக்கிறேன்.

ஒப்பந்தப்படி ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் மூன்று மாத வாடகை பிடித்துக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியாதது இல்லை. அந்த ஒப்பந்தத்தின் வாசகமே எங்கள் அலுவலகம் தயாரித்ததுதான். வெள்ளையடிக்க என்று இன்னொரு மாதம். மீதி ஒரு மாத அட்வான்ஸை வீட்டுக்காரர் மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போன அன்று அப்பா வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் கேட்டார்.

"மொத்தமா எவ்ளோ போச்சு?"

அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் எழுதி வைத்திருந்த கணக்கை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அட்வான்ஸில் பிடித்தது ஒரு லட்சத்து நாலாயிரம். கொடுத்த வாடகை இரண்டு மாதம், ஐம்பத்திரண்டாயிரம். என் அலுவலகத்துக்கு, ஊழியர் என்பதால் பாதித் தரகு, பதின்மூன்றாயிரம். சங்கத்தில் அம்மாவுக்கு வேலைக்காரி அட்டை போட்டதற்கு நூற்றைம்பது.

ஒரு லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.